புதுக் காடி வாங்குமுன் மூன்று கையெழுத்துகள்



வீட்டுக்கு அடுத்தபடியாக நம் குடும்பங்கள் செய்யும் பெரிய செலவு எது என்று கேட்டால், காடி என்றுதான் பதில் வரும். வீடு வாங்காதவர்கள் கூட காடி வாங்குகிறார்கள். வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப, பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல காடி இல்லாமல் இந்த நாட்டில் பல ஊர்களில் ஒன்றும் நடக்காது. ஒன்பது ஆண்டுத் தவணையில் இன்று ஒரு காடியை எடுத்தால், இன்று ஒன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளை நான்காம் படிவத்துக்குப் போகும்போதுதான் அந்தக் கடன் முடிகிறது.

இவ்வளவு பெரிய முடிவை நம்மில் பலர் ஒரே பிற்பகலில் எடுத்துவிடுகிறோம். தீபாவளிக்கு ஒரு புடவை எடுக்க கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஐந்து கடை ஏறி இறங்குகிற அதே குடும்பம், அறுபதாயிரம் வெள்ளிக் காடியை முதலில் நுழைந்த கடையிலேயே முடித்துவிட்டு வந்துவிடுகிறது. ஏமாற்றும் விற்பனையாளருக்கு இந்த அவசரம் போதும். வேறு சாமர்த்தியம் எதுவும் அவருக்குத் தேவையில்லை.

எல்லாக் காடி விற்பனையாளர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது இந்த உரையின் நோக்கமல்ல. நாணயமாகத் தொழில் செய்து, வாடிக்கையாளர் வீட்டுத் திருமணத்துக்கு அழைக்கப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்ற விற்பனையாளர்கள் நம் சமூகத்திலேயே நிறையப் பேர் உண்டு. ஆனால், விற்றால்தான் ஊக்கத்தொகை, மாதக் கடைசிக்குள் இத்தனை காடி விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி அந்தத் தொழிலில் இருப்பதை மறுப்பதற்கில்லை. அந்த நெருக்கடியில் சிலர் எல்லை மீறுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் அகப்பட்டால் என்ன நடக்கும், அகப்படாமல் இருக்க என்ன செய்யலாம், அகப்பட்ட பிறகு எங்கே போகலாம் என்பதை இன்று பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

கிள்ளானில் ஒரு குடும்பம். கணவர் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்ப்பவர். மனைவி பாலர் பள்ளியில் உதவியாளர். கணவரின் தாயாருக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. வீட்டில் இருந்த பழைய கஞ்சில் காடி இரண்டு முறை வழியிலேயே நின்றுவிட்டது. ஒருமுறை மழையில் அந்த அம்மாவைச் சாலையோரத்தில் நிற்க வைக்க வேண்டியதாயிற்று. அன்று இரவு கணவர் சொன்னார், "இனி இந்தக் காடி வேண்டாம். புதுசே எடுத்துடுவோம்." அமானா சஹாமில் போட்டு வைத்திருந்த பணமும் மிகைநேர வேலை செய்த பணமும் சேர்ந்து எட்டாயிரம் வெள்ளி கையில் இருந்தது.

உறவினர் ஒருவர் சொல்லி ஒரு காடி விற்பனை மையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த இளைஞர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார், மைலோ வரவழைத்தார், அம்மாவின் உடல்நலத்தை விசாரித்தார். "நம்ம பையன், நல்லா பேசறான்" என்று கணவருக்கு மனம் இளகியது. காடியின் ரொக்க விலை 59,200 வெள்ளி. முன்பணம் 6,400 வெள்ளி. மீதி 52,800 வெள்ளிக்கு ஒன்பது ஆண்டுக் கடன். மாதம் 625 வெள்ளி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"அண்ணே, இந்த விலை இன்னிக்கு மட்டும்தான். மாசக் கடைசி. நாளைக்கு வந்தீங்கன்னா மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. ஒரு ஆயிரத்து ஐந்நூறு போட்டு புக்கிங் பண்ணிடுங்க. காடி எடுக்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றார் அந்த இளைஞர்.

"கம்பெனி கணக்குல போடணுமா தம்பி?" என்று மனைவி கேட்டார்.

"கம்பெனி கணக்குல போட்டா மூணு நாள் ஆகும் அக்கா. அதுக்குள்ள இந்தக் காடியை வேற ஆளு எடுத்துடுவாங்க. என் கணக்குல போடுங்க, நான் உடனே கட்டிடறேன். ரசீது வாட்ஸ்அப்ல அனுப்பறேன்."

பணம் போனது. ரசீது வரவில்லை. அதே மேசையில் நான்கைந்து பாரங்களும் வந்தன. பெயர், அடையாள அட்டை எண் தவிர மற்றக் கட்டங்கள் எல்லாம் காலி. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணே, மத்ததை நான் டைப் பண்ணிக்கிறேன்." கணவர் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

முதல் கையெழுத்தும் முன்பதிவுப் பணமும்

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அந்த மேசையில் நடந்தவற்றில் எத்தனை தவறு?

முதலாவது, முன்பதிவுத் தொகை. தவணையில் வாங்கும் காடிகளுக்கு 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் பொருந்தும். செவா பெலி சட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். 2011-இல் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, முன்பதிவுக் கட்டணம் ரொக்க விலையில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 59,200 வெள்ளிக் காடிக்கு அது 592 வெள்ளி. அந்த இளைஞர் கேட்டது 1,500 வெள்ளி. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் வாங்குபவர் மனம் மாறினாலும் முன்பதிவுப் பணத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வேண்டும். "புக்கிங் பணம் திரும்பாது" என்று ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து வைத்திருப்பதால் மட்டும் அது சட்டமாகிவிடாது.

இரண்டாவது, பணம் போன கணக்கு. விற்பனையாளரின் சொந்தக் கணக்கில் போட்ட பணம் நிறுவனத்துக்குப் போட்ட பணமாகாது. பின்னால் தகராறு வரும்போது, "எங்களுக்கு இந்தப் பணம் வரவே இல்லை" என்று நிறுவனம் சொல்லும். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கு, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ ரசீது ஆகிய இரண்டும் இல்லாமல் பத்து வெள்ளி கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, காலிப் பாரம். இதுதான் மூன்றிலும் பெரிய தவறு. முழுமையாகப் பூர்த்தி செய்யப்படாத வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்திலோ அதைச் சார்ந்த பாரங்களிலோ வாங்குபவரைக் கையெழுத்திடச் சொல்வதை அந்தச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது. அது மட்டுமல்ல, ஒப்பந்தத்துக்கு முன்பே விலை, முன்பணம், கடன் தொகை, கட்டணங்கள், மாதத் தவணை ஆகிய விவரங்களை எழுத்துப் பூர்வமாக வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை. யாரும் அதைச் சலுகையாகத் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "முன்பணமே வேண்டாம் அண்ணே, ஃபுல் லோன் எடுத்துத் தர்றேன்" என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. வாடகைக் கொள்முதலில் குறைந்தது பத்து விழுக்காடு முன்பணம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கட்டாமலே காடி கிடைக்கிறது என்றால், தாளில் விலையை ஏற்றி எழுதி, முன்பணம் கட்டியதாகக் காட்டுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் பொய்த் தாளில் இருப்பது விற்பனையாளரின் கையெழுத்தல்ல, வாங்குபவரின் கையெழுத்து.

இரண்டாம் கையெழுத்தும் கடனும்

இரண்டு வாரம் கழித்து வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கணவர் அப்போது தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கடன் தொகை 57,600 வெள்ளி, மாதத் தவணை 682 வெள்ளி, சம்மதமா என்று மறுமுனையில் கேட்டார்கள். அவர் காதில் விழுந்தது, கடன் கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான். "யா, யா, ஓகே" என்றார். பிறகு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவில்லை.

52,800 எப்படி 57,600 ஆனது? காலிப் பாரத்தில் காடியின் விலை 64,000 வெள்ளி என்று நிரப்பப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு நிறத்தாள், இருக்கைக்கு உறை, முன்னும் பின்னும் கேமரா, மேல்பூச்சுப் பாதுகாப்பு என்று 4,800 வெள்ளிக்குத் துணைப்பொருள்களைச் சேர்த்திருந்தார்கள். அவற்றில் பாதியை அந்த இளைஞர் "இலவசம்" என்று சொல்லியிருந்தார்.

மாதத்துக்கு 57 வெள்ளி அதிகம். கேட்பதற்குச் சிறிய தொகை. ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே சாப்பிட்டால் போய்விடும். ஆனால் 108 மாதங்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் 6,156 வெள்ளி. 4,800 வெள்ளிச் சாமானுக்கு வட்டியோடு சேர்த்து அந்தக் குடும்பம் கொடுக்கப்போகும் விலை அது.

இதனால்தான் மாதத் தவணையை மட்டும் பேசும் விற்பனையாளரிடம் கவனமாக இருக்க வேண்டும். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் அண்ணே?" என்பதுதான் பல கடைகளில் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன உடனேயே, விலை, கடன் தொகை, வட்டி, ஆண்டு ஆகிய நான்கையும் எப்படி வேண்டுமானாலும் இழுத்து அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. காடியின் விலை தனியாக எவ்வளவு? கடைசித் தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்? இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் வாங்கிய தாள்களை வீட்டில் மேசை மேல் வைத்துப் பார்த்தால், யார் எங்கே எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

காப்புறுதியிலும் கவனம் தேவை. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கான கட்டணத்தை நிறுவனங்கள் தாங்களே நிர்ணயிக்கின்றன. எனவே, ஒரு நிறுவனத்தின் கட்டணம் இன்னொன்றின் கட்டணத்தைப் போல் இருக்காது. விற்பனை மையம் காட்டும் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. பழைய காடியில் இழப்பீடு கோராமல் சேர்த்து வைத்த கழிவு 55 விழுக்காடு வரை இருக்கலாம். அதைப் புதுக் காடிக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பலரும் அதைச் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்துக்கும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் கையெழுத்தும் சாவியும்

காடி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று செய்தி. ஏழு மணிக்குள் கோயிலில் பூஜை போட வேண்டும், ஐயர் காத்திருக்கிறார். இந்த விவரம் விற்பனையாளருக்கும் தெரியும். அவர்தான் பூமாலையும் எலுமிச்சைப் பழமும் வாங்கி வைத்திருந்தார். "நல்ல நேரம் போகுது அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டு கிளம்புங்க. மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்" என்று காடியைப் பெற்றுக்கொண்டதற்கான தாளை நீட்டினார்.

எலுமிச்சைப் பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்த மனைவியின் கண்ணில், சக்கரத்தின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் பட்டது. 3623. பாலர் பள்ளிக்குச் சாமான் வாங்கும்போது தேதி பார்த்தே பழகியவர் அவர். "இது என்னங்க நம்பர்?" என்று கணவரைக் கேட்டார். கணவருக்குத் தெரியும். சக்கரம் 2023-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அவர்கள் காடி எடுத்ததோ 2025 பிப்ரவரி.

பழைய சக்கரம் இருப்பதால் மட்டும் காடியும் பழையது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. காடியின் உரிமைச் சான்றிதழை, அதாவது நாம் கிரான் என்று சொல்லும் தாளின் நகலை, வாங்கிப் பார்த்தார்கள். தயாரிக்கப்பட்ட ஆண்டு 2023 என்று இருந்தது. ஓடிய தூரம் 340 கிலோமீட்டர். முன்புற மோதுகைத் தடுப்பின் ஓரத்தில் நிறம் சற்றே மாறியிருந்தது.

"தம்பி, புது ஸ்டாக்குன்னு சொன்னீங்களே?"

"புதுசுதான் அக்கா. யார் பேர்லயும் பதியலை. இப்பதான் அண்ணன் பேர்ல முதல்முதலா பதிஞ்சிருக்கு. ஷோரூம்ல கொஞ்ச நாள் நின்னுச்சு, அவ்வளவுதான். நல்ல நேரம் முடியப் போகுது, பாருங்க."

"நல்ல நேரம் அடுத்த வாரமும் வரும் தம்பி" என்றார் அந்த அம்மையார். கையெழுத்துப் போடவில்லை. இருவரும் வாடகைக் காடியில் வீடு திரும்பினார்கள். கோயிலுக்குத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த மாலையில் அவர் எடுத்த முடிவுதான் அந்தக் குடும்பத்தைப் பாதி காப்பாற்றியது. ஏன் பாதி? காடி ஏற்கனவே கணவரின் பெயரில் ஜேபிஜேயில் பதிவாகிவிட்டது. இங்கே நடைமுறை அதுதான். முதலில் கடன், பிறகு பதிவு, அதன்பிறகே சாவி. சாவி வாங்கும் நாளில் பரிசோதிப்பது நல்லதுதான். ஆனால் அதற்குள் தாமதமாகிவிடுகிறது. பதிவுக்கு முன்பே சட்டக எண், தயாரிப்பு ஆண்டு, ஓடிய தூரம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கடைக்கு நேரில் போய், அந்தக் காடியையே பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பதிவுத் தாளிலேயே தயாரிப்பு ஆண்டை எழுதச் சொன்னால், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

முந்தைய ஆண்டுத் தயாரிப்பை வாங்கக் கூடாது என்று இதற்குப் பொருளல்ல. அப்படிப்பட்ட காடிகளுக்கு நல்ல கழிவு கிடைக்கும். தெரிந்தே வாங்கினால் அது இலாபம். சொல்லாமல், கழிவும் கொடுக்காமல், புதுத் தயாரிப்பின் விலைக்கே தலையில் கட்டுவதுதான் மோசடி. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. ஒரு பொருள் புதியது என்றோ, குறிப்பிட்ட காலத்தில் தயாரிக்கப்பட்டது என்றோ, அதன் முந்தைய பயன்பாடு பற்றியோ பொய்யான தகவல் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் "இலவசம்" என்று சொல்லி ஆசை காட்டுவதும் அதே சட்டத்தின் கீழ் தவறு.

கோபத்தில் செய்யக்கூடாதது

இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் முதலில் செய்வது என்ன? கடைக்குப் போய்ச் சத்தம் போடுவார்கள். அதில் மனம் ஆறும், காரியம் நடக்காது. இரண்டாவது, "காடி சரியில்லை, நான் தவணை கட்டமாட்டேன்" என்பார்கள். இது ஆபத்தானது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை முடியும்வரை காடி வங்கிக்குச் சொந்தம். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காடியை இழுத்துச் செல்லும் நடவடிக்கையை வங்கி தொடங்க முடியும். வங்கிக் கடன் பதிவிலும் பெயர் கெட்டுவிடும். விற்பனையாளரிடம் உள்ள தகராறுக்காக வங்கியிடம் பகையைத் தேடிக்கொள்ளக் கூடாது. தவணையைக் கட்டிக்கொண்டே போராட வேண்டும். அதே நேரத்தில் நடந்ததை வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அந்தக் குடும்பம் செய்தது இதுதான். மறுநாள் காலையில் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதினார். யார், எப்போது, என்ன சொன்னார். எந்தத் தேதியில் எவ்வளவு பணம், எந்தக் கணக்குக்குப் போனது. வாட்ஸ்அப் உரையாடல்களைப் படமெடுத்து வைத்தார். கிளை நிர்வாகிக்கு ஒரு பக்கக் கடிதம். அதில் மூன்றே கோரிக்கைகள்: கேட்காத துணைப்பொருள்களுக்கான பணம் திரும்ப வேண்டும், தயாரிப்பு ஆண்டுக்கும் மறுபூச்சுக்கும் ஏற்ற தொகை குறைய வேண்டும், முன்பதிவுப் பணம் 1,500 வெள்ளி திரும்ப வேண்டும். பதினான்கு நாள் அவகாசம். நகல் ஒன்று காடித் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமையகத்துக்கும், இன்னொன்று வங்கிக்கும்.

முதல் பதில் எதிர்பார்த்ததுதான். "காடி பதிவாகிவிட்டது. பாரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாது."

இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். வழக்கறிஞர் வைக்க வசதி ஏது, நீதிமன்றம் ஏற நேரம் ஏது என்ற எண்ணம். ஆனால் இந்நாட்டில் சாதாரண மக்களுக்கென்றே பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது.

ஐந்து வெள்ளியில் ஒரு வழக்கு

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் அது. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இயங்குகிறது. கோரிக்கையைப் பதிய ஐந்து வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை. வாங்கியவரும் விற்றவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். தொடக்கத்தில் பத்தாயிரம் வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு, பிறகு 25,000 ஆகி, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள், இயன்றவரை, தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்பைப் பதினான்கு நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

காடியின் விலை 50,000 வெள்ளிக்கு மேல் என்பதால் அங்கே போக முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே கணக்கில் எடுத்துக்கொள்வது கோரும் தொகையைத்தான், காடியின் விலையை அல்ல. முன்பதிவுப் பணம், கூடுதலாக வாங்கிய கட்டணம், பழுதுச் செலவு போன்ற கோரிக்கைகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். எழுதத் தெரியவில்லை, மலாய் சரியாக வராது என்று தயங்குபவர்களுக்குப் பயனீட்டாளர் சங்கங்கள் வழிகாட்டுகின்றன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தமிழிலேயே பத்திரிகை வெளியிட்டு வந்திருப்பதை நம்மில் பலர் அறிவோம்.

காடியிலேயே குறை இருந்தாலும் இதே வழிதான். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் உத்தரவாதம். தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாத அட்டையோடு அந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. "இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் செல்லாது. ஆனால் குறையைக் கண்டதும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை பழுது பார்க்க விட்டபோதும் பணித் தாளின் நகலை வாங்கி வைக்க வேண்டும். "போன மாசமே வாயால சொன்னேனே" என்பது அங்கே நிற்காது.

பணத்தையே சுருட்டிக்கொண்டு ஓடும் மோசடிக்கு வேறு வழி. வங்கிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால், அடுத்த நிமிடமே தங்கள் வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்வினை மையம் 2022-இல் தொடங்கப்பட்டது இதற்காகத்தான். பிறகு போலீஸ் புகார். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் மறைத்து வைத்தால், அந்த வாய்ப்பும் போய்விடும்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது?

நடுவர் மன்றத்தில் பதிந்த பாரத்தின் நகல் போய்ச் சேர்ந்த பிறகு, விற்பனை மையத்தின் பேச்சு மாறியது. விசாரணைக்கு முன்பே அழைத்துப் பேசினார்கள். துணைப்பொருள்களின் பணம் 4,800 வெள்ளியைத் திருப்பினார்கள். தயாரிப்பு ஆண்டுக்காக மேலும் 3,000 வெள்ளி கொடுத்தார்கள். மறுபூச்சைச் சரிசெய்து தந்தார்கள். எல்லாம் எழுத்தில் வந்த பிறகே அந்தப் பெண்மணி காடியைப் பெற்றுக்கொண்ட தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஆனால் 1,500 வெள்ளி வரவில்லை. அது நிறுவனத்துக்கு வந்த பணமல்ல என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த இளைஞர் வேலையை விட்டுப் போய்விட்டார். தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. போலீஸ் புகார் இருக்கிறது. ரசீது இல்லை. மூன்று மாத மிகைநேர வேலையின் பணம் அது.

இதிலிருந்து விளங்குவது என்ன? புதுக் காடி வாங்கும்போது வாங்குபவரின் கையில் பலம் இருக்கும் நாள்கள் மிகக் குறைவு. பணம் கொடுக்காதவரை, கையெழுத்துப் போடாதவரை, கடையில் அவர்தான் முதலாளி. ஒவ்வொரு கையெழுத்தும் அந்தப் பலத்தில் ஒரு பங்கை எடுத்து எதிரில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறது. முதல் கையெழுத்தில் விலையும் தயாரிப்பு ஆண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் கையெழுத்தில் கடன் தொகையும் மொத்தத் தொகையும் பூர்த்தியாகி இருக்க வேண்டும். மூன்றாம் கையெழுத்துக்கு முன் காடியைப் பகலில், அவசரமில்லாமல், முடிந்தால் விவரம் தெரிந்த ஒருவரோடு பார்த்திருக்க வேண்டும். இவை நடக்கவில்லை என்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

நாணயமான விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். தாளை எடுத்து எழுதிக் கொடுப்பார். "வீட்டில் வைத்துப் படித்துவிட்டு நாளைக்கு வாங்க அண்ணே" என்பார். நாளைக்கு விலை ஏறிவிடும், நாளைக்குக் காடி போய்விடும் என்று பயமுறுத்துபவரிடம் நாளைக்கும் போக வேண்டியதில்லை. காடி விற்கும் கடைகள் இந்த நாட்டில் ஏராளம்.

அந்தத் தாயார் இப்போது வாரம் மூன்று முறை அதே காடியில்தான் சிகிச்சைக்குப் போய் வருகிறார். வழியில் நிற்காமல் ஓடுகிறது. பூஜையும் அடுத்த வாரம் நல்ல நேரத்திலேயே நடந்தது. மருமகள் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காடியின் முன்பெட்டியிலேயே வைத்திருக்கிறார். பராமரிப்புக்கு விடும் ஒவ்வொரு தேதியும், கொடுத்த ஒவ்வொரு வெள்ளியும், ரசீது எண்ணோடு அதில் ஏறுகிறது.